பச்சைத் தண்ணீர்

சவரம் முடிந்தால் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் சுகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெந்நீர் பட்ட தோல் அரை மணி நேரம் கசிந்துகொண்டே இருக்கும்; அதன்மேல் முகமூடியின் ரப்பர் உட்காராது, வழுக்கும். காதோரம் நகக்கண் அளவு சோப்பு தங்கினாலும் போச்சு. உள்ளே இறங்கி வியர்த்ததும் அது வழிந்து கண்ணுக்கு வரும். முகமூடிக்குள் கண் எரிந்தால் துடைக்க வழியில்லை, திட்டத்தான் முடியும், அதுவும் தன் காதுக்குத்தான் கேட்கும்.

அதனால் தொட்டி வேலைக்காரர்கள் எட்டுப் பேரும் வெளிச்சம் வருமுன்னே எண்ணெய்க் கிடங்கின் பின்புறக் குழாயடியில் வரிசையாக நின்று, இரும்புப் பீப்பாயில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அறைந்துகொள்வார்கள். இத்தனை தடவை என்று கணக்குக் கிடையாது. தோல் இறுகி, விரலால் தடவினால் கீச்சென்று சத்தம் வரவேண்டும். துண்டு போட்டுத் துடைக்கக் கூடாது, நூல் ஒட்டும். முகத்தை அப்படியே காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். எட்டு ஆண்பிள்ளைகள் இருட்டில் மோவாயைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் பேசாமல் நிற்பதை வெளியாள் எவனாவது பார்த்தால், யாரையோ திட்டப் போகிறார்கள் என்று நினைப்பான்.

அப்புறம் பஞ்சு. இறங்குகிறவன் கயிற்றை மேலே நின்று பிடிக்கிற கயிற்றுக்காரர் ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து ஒவ்வொருவனுக்கும் இடது காதடியில் தொடங்கி, மோவாய்க்கட்டை வழியாக வலது காதடி வரைக்கும் ஓட்டுவார். ஓர் இழை சிக்கி நின்றாலும் திரும்பிப் போய் மழித்துக்கொண்டு வரவேண்டும். இரண்டாம் தடவையும் நின்றால் அன்றைக்கு இறங்க முடியாது.

"என்ன மாப்ள, பஞ்சு இப்படி வழுக்கிக்கிட்டுப் போகுது. பொண்ணு பார்க்கக் கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பலாம்னுதான் இருக்கேன். உங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க மச்சான்."

கேட்டவர் கயிற்றுக்காரர். பதில் சொன்னவன் குருவி. ஆள் ஒடிசல், தொட்டியின் வாய்க்குள் தோளைக் குறுக்காமல் இறங்குகிறவன் அவன் ஒருத்தன்தான் என்பதால் வந்த பெயர். கயிற்றுக்காரரின் தங்கையைத்தான் அவன் கட்டியிருந்தான். கிடங்கு வாயிலில் தினக்கூலிக்கு நின்றுகொண்டிருந்தவனை இந்த வேலைக்குள் கொண்டுவந்து சேர்த்ததும் அவர்தான்.

வேலை என்னவென்றால், தரைக்கடியில் புதைத்த எண்ணெய்த் தொட்டி காலியானதும் அடியில் முழங்கால் உயரத்துக்கு மண்டி, அதாவது எண்ணெய்க் கசடு, நிற்கும். மார்பில் வார் கட்டி, கப்பியில் தொங்கி உள்ளே இறங்கி, பித்தளைத் தகட்டால் அதைச் சுரண்டி வாளி வாளியாக மேலே அனுப்பவேண்டும். இரும்பு ஆகாது, பொறி பறக்கும். முகமூடியிலிருந்து ஒரு நீளக் குழாய் மேலே போகும். அதன் மறுமுனை கயிற்றுக்காரர் காலடியில் நல்ல காற்றில் கிடக்கும். அந்தக் காற்றைக் கீழே இருக்கிறவன் உறிஞ்சி உறிஞ்சித்தான் மூச்சு விடவேண்டும்.

தொட்டிக்குள் இருக்கிற காற்று பொல்லாதது. முதல் மூச்சிலேயே மூக்கை மழுக்கிவிடும், அப்புறம் நாற்றமே தெரியாது. அங்கே தோல்தான் துணை. ரப்பர் எங்காவது கிளம்பினால், மூச்சை இழுக்கும்போது அந்த இடத்தில் சில்லென்று ஒரு கோடு ஓடும், ஈர நூலை வைத்து இழுத்த மாதிரி. 'கோடு விழுந்துடுச்சு' என்பார்கள். கோடு விழுந்தால் யோசிக்காமல் கயிற்றை மூன்று தடவை இழுக்கவேண்டும். மேலே இருக்கிறவரும் சும்மா இருக்க மாட்டார். ஐம்பது எண்ணி ஒரு தடவை இழுப்பார். கீழே இருக்கிறவன் ஒரு தடவை இழுத்துப் பதில் சொல்லவேண்டும். பதில் வராவிட்டால் ஆளைத் தூக்கிவிடவேண்டும்.

இப்படி இருநூறு நாள் இடைவிடாமல் இறங்கினவனுக்கு நிரந்தரம். ஐம்பது வயது தாண்டினவனைப் புதிதாகக் கூட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். குருவிக்கு ஐம்பது முடிய இரண்டு மாதம் இருந்தது. நூற்றெண்பத்தொன்பது நாள் இறங்கியிருந்தான். இன்னும் பதினோரு நாள். நடுவில் ஒரு நாள் நின்றாலும் கணக்கு அழிந்துவிடும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வயதும் இருக்காது.

முகம்தான் காலை வாரியது.

அதற்குமுன் குருவி வாரத்துக்கு ஒரு தடவை மழிக்கிற ஆள். சுமை தூக்குகிறவன் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள். இங்கே தினமும் கத்தி. அவனுக்குச் சுருட்டை முடி. வெட்டுப்பட்ட முனை வெளியே வராமல் திரும்பித் தோலுக்குள்ளேயே இறங்கிக் கொப்புளமாகும். முதலில் மோவாய்க்கடியில் இரண்டு, அப்புறம் வலது தாடையோரம் ஒரு கொத்து. கத்தி போகிற வழியில் அவை எல்லாம் தலை சீவப்பட்டு மறுநாள் சீழ் கட்டின. மருந்தகத்தில் இருந்த டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார்.

"மூணு வாரத்துக்குக் கத்தி படக் கூடாது."

"பதினோரு நாள் கழிச்சு ஆரம்பிச்சா பரவாயில்லீங்களா?"

"நான் சரின்னு சொல்லிடுவேன். புண்ணு கேக்கணுமே."

களிம்பு கொடுத்தார். களிம்பு பூசினால் ரப்பர் வழுக்கும் என்று குருவி அதைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

வீடு என்றால் கீழ்த்தளத்தில் ஒரே அறை, அதில் மூலையைத் தடுத்துச் சமையல். மாடியில் வீட்டுக்காரம்மா. மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை நின்றபடியே வேலை. வலது தோள் இறங்கிப்போய், தலை வாரக்கூட இடது கையைத்தான் தூக்குவாள். நீங்க நிரந்தரமாகுங்க, அன்னைக்கே நான் இஸ்திரிப் பெட்டியைக் கீழ வெச்சுடறேன் என்று சொல்லியிருந்தாள். ஒரே தடவைதான் சொன்னாள். குருவி அதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"இந்தப் பக்கம் வீங்கி இருக்கே. ரப்பர் எப்படி உட்காரும்?"

"அழுத்திக் கட்டிக்கிறேன்."

"வலிக்காது?"

"வலிக்காம என்ன. உள்ள போனதும் யாரோ தாடையில தீக்குச்சி கிழிக்கிற மாதிரி இருக்கு."

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள் அதில் வரிசையாக இருந்தன.

"கடையில சுட்டுக்கிட்டா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? பக்கத்துச் சோடாக் கடையில ஐஸ் வாங்கி அதுல விரலை வெச்சுடுவோம். பத்து நிமிஷத்துல வீக்கமும் வத்திடும், வலியும் தெரியாது. திரும்பப் பெட்டியைப் பிடிச்சு நாலு சட்டை தேய்ச்சுடலாம்."

"பச்சைத் தண்ணிதான் அடிச்சுக்கிறேனே."

"அந்தத் தண்ணி எம்மாத்திரம். மாடியில ஃபிரிஜ் இருக்கு, நான் கேக்கறேன்."

கேட்டாள். வீட்டுக்காரம்மாவுக்கு எதற்கு என்று தெரியவேண்டியிருந்தது. எங்க வீட்டுக்காரருக்கு உஷ்ண உடம்பு, காலையில குளுமையா ஏதாவது குடிக்கணும் என்று சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து இரவு ஒரு கிண்ணம் தண்ணீர் மாடி ஏறும், விடியுமுன் கட்டியாகக் கீழே இறங்கும். அவள் அதைத் துணியில் சுற்றி, அரிவாள்மணைப் பின்புறத்தால் நாலு தட்டுத் தட்டி, வாய் அகன்ற சுடுதண்ணீர்க் குடுவையில் போட்டு மூடிக் கொடுப்பாள்.

குழாயடியில் எல்லோரும் கழுவி முடித்துப் போனதும் குருவி குடுவையைத் திறப்பான். உருகின தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றித் தாடையை அதில் அமுக்கிவைப்பான். முதலில் எலும்புவரைக்கும் இழுக்கும், கண்ணில் நீர் வரும். அப்புறம் மெல்ல மெல்ல ஒன்றுமே தெரியாமல் போகும். அந்த இடத்தில் முகம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அதுதான் அன்றைய பொழுதில் அவனுக்குக் கிடைத்த சுகம். மிச்சக் கட்டிகளைத் துணியில் கட்டிக்கொண்டு, முகமூடி மாட்டுகிறவரைக்கும் ஒத்திக்கொண்டே நடப்பான்.

"குருவி தனியா காபி குடிக்கிறான்யா," என்றான் வாளிக்காரன். மேலே வருகிற வாளிகளை வாங்கிக் கொட்டுகிற ஆள் அவன். வாய் சும்மா இருக்காது.

"காபி இல்ல, மருந்து."

"என்ன மருந்து?"

"உன் மூஞ்சியைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கே, அதுக்கு."

முதல் நாள் பஞ்சு வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாம் நாளும். முகமூடி போட்டு, குழாயின் மறுமுனையைக் கயிற்றுக்கார மச்சான் உள்ளங்கையால் பொத்த, குருவி மூச்சை இழுத்துப் பார்ப்பான். ரப்பர் முகத்தோடு கவ்விக்கொண்டால் சரி. கவ்விக்கொண்டது.

வார விடுமுறையன்று மச்சான் சாப்பிட வந்தார். அவருக்கு மனைவி இல்லை, போய்ச் சேர்ந்து நாலு வருஷம். விடுமுறைச் சாப்பாடு தங்கை வீட்டில்தான். அன்றைக்குக் கத்தியும் இல்லை, ஐஸும் இல்லை. முள் முள்ளாகக் கிளம்பின முடிக்கு நடுவே வலது தாடை முழுக்கச் சிவந்து, இரண்டு இடத்தில் மஞ்சள் கட்டியிருந்தது. குருவி துண்டைத் தோளில் போடுகிற சாக்கில் அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்ன மாப்ள, துண்டெல்லாம் பலமா இருக்கு?"

"கழுத்துப் பிடிச்சுக்கிச்சு மச்சான்."

"அப்பக் கழுத்துலதான சுத்தணும். நீங்க காதுக்குச் சுத்தியிருக்கீங்க."

தங்கை இடையில் புகுந்தாள். "அண்ணே, முட்டை இன்னொண்ணு வைக்கவா? ஆறிடும், சாப்பிடு."

"வை. உன் வீட்டுல மட்டும்தான் வைக்கவான்னு கேக்கிறவங்க இருக்காங்க." அவர் சோற்றைப் பிசைந்தபடியே குருவியை ஒரு தரம் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, "இன்னும் எத்தனை நாள்?" என்றார்.

"ஏழு."

"ஏழு," என்று அவரும் சொல்லிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பஞ்சு ஓடியது. வலது பக்கம் வந்தபோது அது தோலைத் தொட்டதா, இல்லை ஒரு மயிரிழை மேலேயே போயிற்றா என்று குருவிக்குத் தெரியவில்லை. மச்சான் கையை உதறிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

நாலு நாள் மிச்சம் இருந்தபோது புண் உள்ளுக்குள் இறங்கிவிட்டது. அன்றைக்குக் கத்தி பட்டதும் பீப்பாய்த் தண்ணீரில் சிவப்பு ஓடியது. குருவி வழக்கத்தைவிட அதிக நேரம் தாடையை ஐஸில் வைத்திருந்தான். இரத்தம் நிற்கவேண்டும், வீக்கம் வற்றவேண்டும். உதடுகூட மரத்துப்போய், வாளிக்காரனின் கேலிக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

"இன்னைக்கு வாயையும் மழிச்சுக்கிட்டான்டா," என்றான் அவன்.

பஞ்சு பார்த்தார்கள். மூச்சு பார்த்தார்கள். கவ்விக்கொண்டது. கப்பி கறகறவென்று சுற்ற, குருவி இறங்கினான்.

கீழே ஒரு மூலையில் மண்டி கல்லாகக் கெட்டித்துக் கிடந்தது. தலையைச் சாய்த்து, தோளை முட்டுக் கொடுத்துச் சுரண்டினால்தான் பெயரும். அப்படிச் சாய்ந்தபோதுதான் வலது தாடையடியில் ரப்பர் கிளம்பியிருக்கவேண்டும். அவனுக்குத் தெரியவில்லை. கோடு விழுந்திருக்கும், விழுந்த இடம் மரத்துக் கிடந்தது. இரண்டு வாளி அனுப்பினான். மூன்றாவது வாளி பாதியில் அவனுக்குத் திடீரென்று வேலை ரொம்ப லேசாகிவிட்டது. கை தன்னால் போய் வந்தது. முட்டி மடங்கிற்று. கொஞ்சம் உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. மண்டி கதகதவென்று மெத்தை மாதிரி இருந்தது. எங்கேயோ மார்பில் யாரோ ஒரு தடவை இழுத்தார்கள். இருங்க வரேன் என்று சொன்னதாகத்தான் அவனுக்கு நினைவு.

கண் திறந்தபோது வானம் தெரிந்தது. வாயெல்லாம் கசப்பு. பக்கத்தில் வாளிக்காரன் குந்தியிருந்தான், முகத்தில் கேலி இல்லை. மச்சான் சற்றுத் தள்ளி, கயிற்றைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். ஆளைத் தூக்கி வெளியே போட்டு அவ்வளவு நேரம் ஆகியும் கயிற்றை விடவில்லை. உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன.

"நாங்க எதையும் பார்க்கல," என்றான் வாளிக்காரன். "உங்க வீட்டு விஷயம், நீங்களே பார்த்துக்குங்க." மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

சூப்பர்வைசர் வேறு கிடங்குக்குப் போயிருந்தார். மாலை ஐந்துக்குத்தான் வருவார். அதற்குள் தொட்டிப் புத்தகம் அவர் மேசையில் இருக்கவேண்டும். இறங்கின நேரம், ஏறின நேரம், பாதியில் ஏற்றினால் காரணம், கயிற்றுக்காரர் கையெழுத்து, இறங்கினவன் கையெழுத்து. மச்சான் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஒரு வண்டி பிடித்துக் குருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சலவைக் கடைக்கு ஆள் போய், அவளும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

குருவி இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். தலைக்குள் உடுக்கு அடித்தது. அவள் ஈரத்துணியால் அவன் கழுத்தைத் துடைத்தாள். தாடைப் பக்கம் போகவில்லை.

மச்சான் புத்தகத்தைப் பிரித்துத் தரையில் வைத்தார். பேனாவை மேலே வைத்தார்.

"காரணம்னு இருக்கிற இடத்தை இன்னும் நிரப்பல. என்ன எழுதட்டும்?"

"வெயில்னு எழுதுண்ணே," என்றாள் அவள். "வெயில்ல மயக்கம். யாருக்கும் வர்றதுதான."

"வெயில்னா கணக்கு அழியாது. நாளைக்கே இறங்கலாம்."

"அதுக்குத்தான் சொல்றேன். நாலு நாள். அதுல ஒண்ணு இன்னைக்கு முடிஞ்சுது. மூணுண்ணே, மூணே மூணு."

"கசிவுன்னு எழுதினா?"

"எழுதினாத்தான் என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமே. முகத்தைப் பார்ப்பாங்க. அறுபது நாள் இறங்கக் கூடாதும்பாங்க. அதுக்குள்ள இவருக்கு வயசு தாண்டிடும். அப்புறம் கூட்டத்துல ஏது இடம்? திரும்பவும் வாசல்ல போய் நிக்கணும். இவரு நிக்கணும், நான் பெட்டி பிடிக்கணும். எத்தனை வருஷம்ணே?"

மச்சான் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"கேக்குது. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மாப்ள, நீங்களும் கேளுங்க." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "விடுமுறையன்னிக்கு வந்தேனில்ல, அப்பவே புண்ணைப் பார்த்துட்டேன். துண்டு போட்டா மறைஞ்சுடுமா. அதுக்கப்புறம் தினமும் அந்தப் பக்கம் பஞ்சைத் தொடாமதான் ஓட்டினேன். காத்துல ஓட்டினேன்."

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்தது மச்சான்," என்றான் குருவி. அன்றைக்கு அவன் பேசின முதல் வார்த்தை அது.

"இருங்க, முடியல. இன்னைக்கு ஐம்பது எண்ணி இழுத்தேன். பதில் வரல. என்ன பண்ணணும்? தூக்கணும். இருபது வருஷமா அதைத்தான் பண்றேன். கயித்துல கை வெச்சேன். தூக்கினாப் புத்தகத்துல எழுதணுமே, மனுசனுக்கு நாலு நாள்தான இருக்குன்னு ஒரு நினைப்பு. நாமதான் சரியா இழுக்கலையோ, வாளியோட மல்லுக்கட்டுறாரோன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு..." அவர் நிறுத்தினார். "திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணினேன்."

மாடியில் வீட்டுக்காரம்மா நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"முழுசாவா?" என்றாள் தங்கை.

"முழுசா. ஐம்பதும்."

அவள் ஈரத்துணியை மடியில் வைத்துப் பிழிந்தாள். தண்ணீர் சேலையில் சொட்டுவதைக்கூடக் கவனிக்கவில்லை. "ஐஸ் நான் கொடுத்தது," என்றாள். "கை சுட்டா ஐஸ் வைப்போம்னு நான்தான் சொன்னேன். மரத்துட்டா நல்லதுன்னுதான நினைச்சேன். அங்க தோல்தான் காவல்னு எனக்கு யாரும் சொல்லல. நீங்களும் சொல்லல."

"எனக்கே அப்பத் தோணல," என்றான் குருவி. "நூத்துத் தொண்ணூறு நாளைக்கு மேல இறங்கினவனுக்கே தோணல. வலி நின்னுச்சுல்ல, அதுக்குமேல எதையும் யோசிக்க விடல."

"இப்ப என்ன பண்ணலாங்கறீங்க ரெண்டு பேரும்?"

"வெயில்னு எழுதறேன்," என்றார் மச்சான். "உனக்காக எழுதறேன். ஆனா நாளைக்கு இவரை வேற யாராவதுதான் இறக்கணும். நான் கயித்தைப் பிடிச்சா எண்ண வராது. இங்க வர்ற வழியில வண்டியில உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். முப்பதுக்கு மேல போக மாட்டேங்குது."

குருவி கையை ஊன்றி நிமிர்ந்தான். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. மூன்று நாள் என்பது அவனுக்குத் தெரியும். மூன்று நாள் பல்லைக் கடித்தால் தாண்டிவிடலாம் என்பதும் தெரியும். வேறு எவனாவது கயிறு பிடிப்பான். அவனிடமும் பஞ்சைக் காற்றில் ஓட்டச் சொல்லிக் கெஞ்சவேண்டும். கெஞ்சினால் ஓட்டுவான், நல்லவர்கள்தான் எல்லோரும். மண்டி மெத்தை மாதிரி இருந்தது நினைவுக்கு வந்தது. பயம் வரவில்லை. அங்கேயே படுத்திருக்கலாமே என்று இன்னமும் கொஞ்சம் ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் அவனை எழுப்பி உட்கார வைத்தது.

"இந்தாம்மா," என்று மனைவியைக் கூப்பிட்டான். "எனக்கு அங்க உட்கார்ந்தது சுகமா இருந்துச்சு. புரியுதா? எழுந்திருக்கணும்னே தோணல. நாளைக்கு இறங்கினா நான் கயித்தை இழுப்பேன்னு எனக்கே நிச்சயமில்ல."

அவள் பேனாவை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

குருவி பெரிய பெரிய எழுத்தாக எழுதினான். முகமூடி கசிவு. தாடையில் புண். ஐஸ் வைத்து நானே மறைத்தேன். கையெழுத்துப் போட்டான்.

மச்சான் புத்தகத்தைத் திருப்பிப் படித்தார். "நானேன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"பஞ்சு? நூறு எண்ணினது?"

"கட்டம் அவ்வளவுதான் மச்சான். அதுக்குமேல இடமில்ல."

மச்சான் புத்தகத்தை மூடினார். இருவரும் சேர்ந்து போனார்கள். நீங்கள் படுங்கள் என்று அவர் சொல்லியும் குருவி கேட்கவில்லை, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

சூப்பர்வைசர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்கு மேலேயும் ஆள் உண்டு. "இன்னும் மூணு நாள்தானேய்யா இருந்துச்சு," என்றார், ஏதோ அவருடைய மூன்று நாளைக் குருவி தொலைத்துவிட்ட மாதிரி. "அறுபது நாள் யார்டு. கூட்டுறது, பீப்பாய் உருட்டுறது. தினக்கூலிதான். நிரந்தரத்துக்கு இனிமே நான் பேசினாலும் நடக்காது, வயசு இடிக்குது. புரியுதா?"

"புரியுதுங்க."

அவர் புத்தகத்தை இழுப்பறையில் வைக்கப் போனார்.

"ஐயா, அதுல ஒண்ணு விட்டுப்போச்சு," என்றார் மச்சான்.

"என்ன?"

"மச்சான், வாங்க போகலாம்," என்றான் குருவி.

"புண்ணு இருக்கிறது எனக்குத் தெரியும். பஞ்சைத் தொடாம ஓட்டினேன். ஐம்பதுல பதில் வரல, நூறு எண்ணித்தான் தூக்கினேன்."

சூப்பர்வைசர் கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். உள்ளங்கைகளையும் பார்த்தார். புத்தகத்தை மறுபடி எடுத்து, பிரிக்காமல் மேசைமேல் வைத்துக்கொண்டார். வெளியே யாரோ பீப்பாயை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் தூரத்தில் தேய்ந்தது.

அவர்கள் வீடு திரும்பியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. அவள் சோறு வடித்துப் பருப்பு கடைந்துவைத்திருந்தாள். வாசலில் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவருக்கு யார்டு," என்றார் மச்சான். "எனக்கும் யார்டு. நிரந்தரம் போகல, கயிறு போச்சு."

"உனக்கு எதுக்குண்ணே? அதுதான் எழுதவே இல்லையே."

"எழுதல. சொன்னேன்."

அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரே விளக்குமாறா, தனித்தனியா கொடுப்பாங்களா?"

"கேக்கல," என்றான் குருவி. "நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்."

"கேளுங்க. ஒண்ணுதான்னா அண்ணன்கிட்டக் கொடுத்துட்டு நீங்க எண்ணுங்க."

மச்சான் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. அவள் தட்டு வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். குருவிக்கு மெல்லும்போதெல்லாம் தாடை வலித்தது, நன்றாக, ஒவ்வொரு கொப்புளமும் தனித்தனியாகத் தெரியும்படி வலித்தது. பாதிச் சோற்றில் மச்சான் சுவரில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குருவியும் சாய்ந்தான். மோர் எடுக்க மூலைக்குப் போனவள் திரும்பி வந்தபோது இருவரும் தூங்கிப்போயிருந்தார்கள், எச்சில் கை தட்டிலேயே காய்ந்துகொண்டிருக்க.

அவள் தட்டுகளை மெல்ல இழுத்துக்கொண்டாள். நாளைக்கு வேலைக்குப் போகவேண்டும், எட்டு மணிக்குப் பெட்டியைப் பிடிக்கவேண்டும். தோளை ஒரு தரம் சுழற்றிப் பார்த்துக்கொண்டாள். அவர்களை எழுப்பவில்லை. விடியுமுன் எழுந்திருக்க வேண்டிய வேலை இனி இரண்டு பேருக்கும் இல்லை.